மறைப்பிலிருந்து வெளியே நடந்த நண்பர்: கொச்சியின் நீர்ப்பறவைப் படங்களும் அவற்றின் சாட்சிகளும்

நீர்ப்பறவைப் படம் ஒன்றின் கீழ் வழக்கமாக ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். கேமராவின் பொத்தானை அழுத்தியவரின் பெயர் அது. ஆனால் பறவை ஒளிப்படக் கலையின் வரலாற்றைச் சற்றே நெருங்கிப் பார்த்தால், அது தொடக்கம் முதலே இருவர் சேர்ந்து செய்த வேலை என்பது தெளிவாகும். ஒருவர் படம் எடுப்பார். மற்றவர் அவரோடு வந்து, உதவி, குறிப்பெழுதி, பிறகு விலகிப் போவார். ஆவணக்காப்பகத்தில் முதலாமவர் நிலைக்கிறார்; இரண்டாமவர் மறைந்துவிடுகிறார். இரண்டாமவர் மறையும்போது அவரோடு சேர்ந்து வேறு எதுவும் மறைகிறதா என்பதே இப்பதிவின் கேள்வி. மட்டாஞ்சேரியையும் அதன் தெற்கே விரியும் பொக்காளி வயல்களையும் முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன். இன்றைய கொச்சியில் இது அழகியல் கேள்வியாக மட்டும் இல்லை. நிலம் பற்றிய கேள்வியாகவும் சட்டம் பற்றிய கேள்வியாகவும் ஆகியிருக்கிறது.

*

கொச்சியில் இயற்கையைப் பதிவுசெய்த வரலாறு துணைவர்களின் பெயரோடுதான் தொடங்குகிறது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார்த் தளபதியாகக் கொச்சியில் இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700க்கும் மேற்பட்ட மலபார்த் தாவரங்களைச் செப்புத்தகட்டு ஓவியங்களோடு விவரிக்கும் நூல் அது. அந்நூலின் பெருமை ஓவியங்களோடு முடிந்துவிடவில்லை. தகவல் தந்தவர்களின் ஒப்புதல் உரைகள் முதல் தொகுதியிலேயே அவரவர் எழுத்தில் அச்சேறியிருக்கின்றன. சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதினார்; ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணி மருத்துவர் மூவர் நாகரி எழுத்தில் எழுதினர். 1675ஆம் ஆண்டைச் சேர்ந்த இவ்வுரைகளில், தாம் எந்த அறிவின் அடிப்படையில் எதைச் சொன்னோம் என்பதை அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள்.

காலனியப் பேரரசு ஒன்றின் வணிக நலன் இதன் பின்னணியில் இருந்தது என்பதில் ஐயமில்லை. இருப்பினும், ஒரு செடியின் படத்துக்கு அருகே அதை அடையாளம் காட்டிய உள்ளூர் மனிதரின் பெயரும் எழுத்தும் நிற்க வேண்டும் என்ற முறைமை 17ஆம் நூற்றாண்டிலேயே இந்நகரில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதனால்தான் இன்றும் அந்நூலை நாம் விசாரிக்க முடிகிறது. யார் சொன்னார், எந்த ஊர்க்காரர், எந்த மரபில் பயின்றவர் என்று கேட்டால் விடை கிடைக்கிறது.

கொச்சிப் பறவைகளுக்கு இத்தகைய ஒரு நூல் அமையப் பின்னும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. அமைந்தபோது அதன் கருவி தூரிகையாகவோ கேமராவாகவோ இருக்கவில்லை, துப்பாக்கியாக இருந்தது.

*

1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களின் ஆதரவில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. அதை நடத்தியவர் சாலிம் அலி. ஹைதராபாத் சமஸ்தானத்துக் கணக்கெடுப்பை முடித்துக்கொண்டு, தம் துணைவியார் தெஹ்மினாவோடு மறையூரிலிருந்து அவர் பயணத்தைத் தொடங்கினார். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த என். ஜி. பிள்ளை உடன் சென்றார். முடிவுகள் 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்தன. வகைப்பாட்டுக் குறிப்புகளை இங்கிலாந்திலிருந்து ஹியூ விஸ்லர் எழுதினார். இவற்றின் அடிப்படையில் 1953இல் 'திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகள்' என்ற ஆங்கில நூல் உருவாயிற்று. 1956இல் மாநில எல்லைகள் மாறிய பின், 1969ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அதன் பெயர் 'கேரளப் பறவைகள்' என்றானது. அரசியல் நிலப்படம் மாறியதும் நூலின் தலைப்பும் மாறியது. உள்ளே இருந்த ஊர்ப்பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன.

அந்த ஊர்ப்பெயர்கள் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்துப் பறவையியலில் சான்று என்றால் பதனிட்ட தோல். சுடப்பட்ட பறவையின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டு கட்டுவார்கள். சீட்டில் நாள், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஆணா பெண்ணா என்பது, அலகும் காலும் உயிரோடிருந்தபோது கொண்டிருந்த நிறம், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதப்படும். சீட்டு அறுந்துபோனால் அந்தத் தோலுக்கு ஆய்வு மதிப்பு ஏறக்குறைய இல்லை. எவ்வளவு அழகாகப் பதனிடப்பட்டிருந்தாலும் அது வெறும் பஞ்சடைத்த பறவைதான். அறிவியலின் பார்வையில், சீட்டே பறவையை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது.

துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா வந்தபோது நாம் பெற்றது பெரிது. பறவை உயிரோடு பறந்து போகிறது என்பதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. தோலைச் சேகரித்தவர்கள் சீட்டுக் கட்டாமல் விட்டதில்லை. படம் எடுத்தவர்களோ சீட்டை விருப்பத்துக்கு உரியதாக்கிவிட்டார்கள்.

*

பறவை ஒளிப்படத்தின் முன்னோடிகளாகக் கருதப்படுவோர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர். 1892இல் கூடும் முட்டைகளும் கொண்ட முதல் படத்தைச் செர்ரி எடுத்தார். 1895இல் அண்ணன் எழுத, தம்பி படமெடுக்க, பிரிட்டனின் பறவைக் கூடுகள் பற்றிய நூல் வெளியாயிற்று. முழுக்க ஒளிப்படங்களையே கொண்டு வெளிவந்த முதல் இயற்கை நூலாக அதைக் கூறுவர். பறவைகளை நெருங்குவதற்காக எருதின் தோலைக்கொண்டு உள்ளே ஆள் நிற்கத்தக்க பொய் எருது ஒன்றையும் அவர்கள் செய்தனர்.

பொய் எருது வேடிக்கையாக நினைவுகூரப்படுகிறது. அதைவிட நீடித்த வழிமுறை வேறொன்று. நீர்நிலையின் ஓரத்தில் துணியாலோ ஓலையாலோ ஒரு சிறு மறைப்பு அமைப்பார்கள். ஒளிப்படக்காரர்கள் 'ஹைட்' என்று குறிப்பிடுவது இதைத்தான். ஒருவர் மட்டும் அதனுள் நுழைந்தால் பறவை நெடுநேரம் திரும்பி வராது. ஆள் உள்ளே இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். எனவே இருவர் சேர்ந்து நுழைவார்கள். சற்று நேரம் கழித்து ஒருவர் வெளியே வந்து, பறவையின் கண்ணில் படும்படி, மறைவின்றி நடந்து விலகுவார். வந்தவர்களும் போனவர்களும் எத்தனை பேர் என்று பறவை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வந்தவர் போய்விட்டார் என்று அது அமைதியுறும். தன் இரைக்கோ கூட்டுக்கோ திரும்பும். உள்ளே இருப்பவர் படம் எடுப்பார்.

அந்தப் படத்தைச் சாத்தியமாக்கியவர் விலகி நடந்தவரே. அவர் நடக்காவிட்டால் படம் இல்லை. நடந்துவிட்டதால் படத்தில் அவர் இல்லை. நட்பின் பங்கு இக்கலையில் ஓர் உணர்ச்சி அலங்காரமாக வந்து சேர்ந்ததன்று. தொழில்நுட்பத்தின் உறுப்பாகவே அது இருந்திருக்கிறது.

இந்தியப் பறவையியலின் புகழ்பெற்ற நட்பு ஒன்றையும் இந்த வெளிச்சத்தில் காணலாம். கோலாலம்பூரில் பிறந்து, சிங்கப்பூரில் 'கேத்தே' திரைப்பட நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய லோக் வான் தோ, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தப்பி வந்த கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்காகித் தீக்காயமுற்றார். சில காலம் பார்வையும் இழந்திருந்தார். பிறகு இந்தியா வந்து சேர்ந்த அவருக்குச் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. காஷ்மீர், சிக்கிம் உள்ளிட்ட இடங்களுக்கு இருவரும் சேர்ந்து பயணம் செய்தனர். லோக் படம் எடுத்தார். சாலிம் அலி பறவையின் இடத்தையும் நடத்தையையும் அறிந்து சொன்னார். லோக்கின் படநூல் 1957இல் வெளிவந்தது. 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். 1985இல் வெளியான தம் தன்வரலாற்றில் சாலிம் அலி இந்த நண்பரைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இங்கே இரண்டாமவர் மறையவில்லை. இருவருமே எழுதக்கூடியவர்கள், இருவருக்கும் பதிப்பாளர்கள் இருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம். கூடாரம் அடித்தவர்கள், மரத்தில் பரண் கட்டியவர்கள், எந்த மேட்டில் எந்தப் பறவை இறங்கும் என்று காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரர்கள் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த ஒரு பக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

*

தமிழ் மாணவர்களுக்கு அறிமுகமான இரண்டு எடுத்துக்காட்டுகளை இங்கே வைப்பது பொருந்தும்.

முதலாவது, மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தவர்; தமிழிலும் எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளைத் தாமே ஒன்றாகப் பொருத்திய ஒரு பெரிய கருவியைக்கொண்டு கருப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அவருடைய படங்கள் தனித்து நிற்பதில்லை என்பது நம் நோக்கில் முதன்மையானது. படத்தின் பக்கத்தில் உரைநடை இருக்கும். எந்த வேளை, என்ன தட்பவெப்பம், விலங்கு அதற்கு முன் என்ன செய்தது, பின் என்ன செய்தது என்பதெல்லாம் உரைநடையில் வந்துவிடும். விலகிப்போகும் நண்பரின் வேலையை அவருடைய எழுத்தே செய்தது எனலாம்.

இரண்டாவது, வேடந்தாங்கல். ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரார் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டு உரிமை பெற்றனர். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களின் உழவு அறிவு. இன்று வேடந்தாங்கலில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஊரே இரண்டாமவர். ஆயினும் எந்தப் படத்தின் கீழும் அதற்குரிய நன்றி இருப்பதில்லை.

கேரளத்தில் இந்த இடைவெளியை மொழியின் வழியாக நிரப்ப முனைந்தவர் 'இந்துசூடன்' என்ற புனைபெயர் கொண்ட கே. கே. நீலகண்டன். பாலக்காடு மாவட்டத்துக் காவச்சேரியைச் சேர்ந்தவர், ஆங்கிலப் பேராசிரியர். 1946இல் மேற்குக் கோதாவரி மாவட்டத்தின் ஆரேடு என்னும் ஊரில் கூழைக்கடாக்கள் பெருந்திரளாகக் கூடு கட்டியிருப்பதை அவர் கண்டு பதிவுசெய்தார். 1958இல் வெளியான அவருடைய 'கேரளத்திலே பட்சிகள்' சாரமுண்டி, சாயமுண்டி, நீலக்கோழி, குளக்கோழி என்று மக்கள் நாவில் வழங்கிய பெயர்களையும் பறவையியலின் துல்லியத்தையும் ஒன்றாக இணைத்தது. பெயர் சொன்னவர்கள் நூலில் தனித்தனியே வராவிட்டாலும், அவர்களுடைய சொற்கள் வந்துவிட்டன.

*

இனி இன்றைய கொச்சி.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே தெரியும் வெல்லிங்டன் தீவு, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகத் திட்டத்தில் தூர்வாரிய மணலைக்கொண்டு உப்பங்கழியில் உருவாக்கப்பட்ட நிலம். 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சாலிம் அலியின் கணக்கெடுப்பும் இத்தீவின் உருவாக்கமும் ஒரே காலத்தவை என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பறவைகளை எண்ணிய ஆண்டுகளிலேயே பறவைகளின் ஆழமற்ற நீர் கரையாகிக்கொண்டிருந்தது. நீரை நிலமாக்குவது இந்நகரின் நவீன வரலாற்றில் இடையில் புகுந்த ஒன்றன்று. அதன் அடித்தளமே அதுதான்.

எஞ்சிய ஆழமற்ற நீரில் பெரும்பகுதி பொக்காளி வயல்களாக இருக்கிறது. தோப்பும்படியிலிருந்து சவுதி, மானாசேரி, கண்ணமாலி வழியாகச் செல்லானம் செல்லும் சாலையில் கண்டக்கடவை அடைந்தால், கிழக்கே அவை விரிகின்றன. மழைக்காலம் உவர்ப்பைக் கழுவியதும் உப்பைத் தாங்கும் பொக்காளி நெல் விதைக்கப்படும். ஆளுயரம் வளரும் பயிரின் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். தாள் அழுகி உணவாகும்; நவம்பருக்குப் பின் மதகு வழியே ஏற்றநீரோடு வரும் இறால் குஞ்சுகள் அதில் வளரும். வற்றத்தின்போது நீர் இறங்கினால் சேறு வெளிப்படும். அங்கே நெடுங்கால் உள்ளானும் கொக்கும் நாரையும் இறங்கும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த நெல், ஒரு பறவைச் சுழற்சியையும் தாங்கி நிற்கிறது. நெல் நின்று ஆண்டு முழுவதும் மீன் வளர்ப்பு என்றாகும் வயலில் நீர்மட்டம் உயர்ந்தே இருக்கும். சேற்றில் இரை தேடும் பறவைக்கு அங்கே இடமில்லை.

ஆய்வுப் பணிக்காக மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கும் நான், சில பருவங்களாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு நண்பரோடு இந்த வயல்களுக்கும் சுற்றியுள்ள குளங்களுக்கும் சென்று வருகிறேன். டச்சு ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். 1976இல் போர்ட் கொச்சி வெளிப் பகுதியில் இன்றைய சலவைக்கூடம் கட்டப்படுவதற்கு முன், அச்சமூகத்தார் சுற்றுப்புறக் குளங்களிலேயே துணி வெளுத்தனர். எந்தக் குளம் எங்கே இருந்தது, எதன்மேல் இன்று என்ன நிற்கிறது என்பது அவர் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் இன்றும் புழங்கும் செய்தி.

நெடுங்குவிய லென்சில் நான் எடுத்த நீலத்தாழைக்கோழிப் படமொன்றைக் கேமராவின் திரையில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பறவை இருக்கு, சரி. குளத்தைக் காணோமேப்பா." பின்னணி முழுவதும் பச்சையாகக் கரைந்திருந்தது. ஒளிப்படப் போட்டிகளில் பெரிதும் பாராட்டப்படும் தன்மை அது. பின்னணி எவ்வளவு தூய்மையாகக் கரைகிறதோ, படம் அவ்வளவு தேர்ந்ததாகக் கருதப்படுகிறது. நண்பரோ தம் கைப்பேசியில், கேமராவோடு நான் குந்தியிருப்பதைப் படம் பிடித்திருந்தார். அதில் வரப்பு இருந்தது, மதகு இருந்தது, மின்கம்பத்தின் எண் இருந்தது, தூரத்தில் பாதி கட்டிய மதில் இருந்தது.

வரலாற்று மாணவர் ஒருவர் இவ்விரு படங்களையும் ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கண்டெடுத்தால் எதை ஆவணம் என்று கொள்வார்? முதல் படம் நீலத்தாழைக்கோழி என்னும் இனத்தைப் பற்றியது. அந்த இனம் எப்படியிருக்கும் என்று நாம் முன்பே அறிவோம். இரண்டாம் படம் ஓர் இடத்தைப் பற்றியது. அந்த இடம் அன்று எப்படியிருந்தது என்று வேறெதுவும் சொல்லாமல் போகலாம். இரண்டையும் சேர்த்து வைத்தால் மட்டுமே, இந்த இடத்தில் இந்த நாளில் இந்தப் பறவை வாழ்ந்தது என்ற முழுமையான கூற்று கிடைக்கும்.

*

நாளும் இடமும் இங்கே ஏன் இத்தனை கனம் பெறுகின்றன என்பதற்குச் சட்டம் விடை தருகிறது. கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி வாரியாக நெல்வயல்களும் ஈரநிலங்களும் 'டேட்டா பேங்க்' எனப்படும் தரவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் உள்ள நிலத்தை நிரப்புவது தடைசெய்யப்பட்டது. தன் நிலம் சட்டம் வருமுன்பே நிரப்பப்பட்டது, பட்டியலில் தவறாகச் சேர்ந்துவிட்டது என்று ஒருவர் கருதினால், பெயரை நீக்கக் கோரி வருவாய்க் கோட்ட அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 2018இன் திருத்தம், பட்டியலில் வராத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. ஆகவே பல வழக்குகளின் அடிப்படைக் கேள்வி ஒன்றே: 2008இல் இந்த இடம் நீராக இருந்ததா, நிலமாக இருந்ததா? மாநிலத் தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் படங்கள் இதற்காகவே கேட்டுப் பெறப்படுகின்றன.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அதன் சான்றுக்கு நிகராகத் தனிமனிதர் எடுத்த படம் நிற்கும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் சிறிய குளங்களிலும், ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக மண் கொட்டப்படும் வயல்களிலும், நடந்துபோய் எடுத்த படத்துக்கும் எழுதிய பட்டியலுக்கும் துணைச்சான்றாகும் தகுதி உண்டு. தாமரையிலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி காய்ந்த தரையில் நிற்பதில்லை. முக்குளிப்பான் இருந்தால் முக்குளிக்குமளவு நீர் இருந்தது என்று பொருள். நாளும் இடமும் பதிவான ஒரு நீர்ப்பறவைப் படம், அந்த நாளில் அந்த இடத்தின் ஈரத்துக்குச் சாட்சி. நாளும் இடமும் இல்லாத படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், எதற்கும் சாட்சியாகாது.

நீர்ப்பறவையைச் சாட்சியாகக் கொள்வது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 25ஆம் பாடலில், களவு மணத்தின்போது அங்கே வேறு யாருமில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு மட்டுமே இருந்தது என்று கபிலரின் தலைவி சொல்கிறாள். அவள் துயரம் முழுவதும், அந்த ஒரே சாட்சியின் கவனம் மீன்மேல் இருந்தது, அது வாய் திறந்து பேசவும் போவதில்லை என்பதில் அடங்கியிருக்கிறது. இடத்தையும் நாளையும் சொல்லாத பறவைப் படங்கள் அந்தக் குருகைப் போன்றவை. நிகழ்வின்போது அங்கே இருந்தன, எதையும் உரைக்கமாட்டா.

சாட்சியைப் பேசவைப்பதற்கான முறைகள் இன்று இருக்கின்றன. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, மழைக்காலம், வறட்சிக்காலம் என இரு பருவங்களிலும் நடந்து எண்ணிக் கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினர். 25,000க்கும் மேற்பட்ட பட்டியல்கள் திரண்டன. இப்பணிகளில் பயன்படும் 'ஈபேர்ட்' தளத்தில் பட்டியலிடும்போது, எத்தனை பேர் சேர்ந்து பார்த்தார்கள் என்ற கட்டம் ஒன்று உண்டு. பட்டியலை உடன்வந்தவரோடு பகிர்ந்தால் அது அவர் கணக்கிலும் சேரும். 1675இல் இட்டி அச்சுதனுக்கு அளிக்கப்பட்ட பக்கத்தின் எளிய மறுவடிவம் என்றே அந்தக் கட்டத்தைக் கருதுகிறேன். பலரும் அதை நிரப்பாமல் கடந்துவிடுகிறார்கள்.

*

எனவே, வரலாறு, சூழலியல், மானிடவியல் பயிலும் மாணவ நண்பர்கள் தத்தம் ஊரின் குளக்கரைகளில் பின்பற்றத்தக்க சில நடைமுறைகளை முன்வைக்கிறேன்.

பறவையை நெருக்கமாக எடுக்கும் ஒவ்வொரு முறையும், நின்ற இடத்திலிருந்தே அகன்ற கோணத்தில் ஒரு படம் எடுங்கள். அதில் அசையாத பொருள் ஒன்றாவது இருக்கட்டும்: மதகு, கோயில் மதில், பள்ளிக் கட்டடம், மின்கம்பம். பறவையின் படத்தையும் இடத்தின் படத்தையும் ஒரே எண்ணின்கீழ் வையுங்கள்.

கேமரா தன் கோப்பினுள் நாளையும் நேரத்தையும் தானே எழுதிவிடுகிறது. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பகிரும்போது அந்தத் தரவு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மூலக்கோப்பைத் தனியே சேமித்து வையுங்கள். பகிரும் படத்தின் கீழ் நாளையும் ஊரையும் கையால் எழுதுங்கள். கடலோரம் என்றால் ஏற்றமா வற்றமா என்பதையும் குறியுங்கள்.

உடன்வந்தவரின் பெயரை, அவர் இசைவோடு, எழுதுங்கள். வழி காட்டிய மீனவர், வயலுக்குள் நுழைய அனுமதித்த உழவர், மதகைத் திறந்துவிடுபவர் ஆகியோர் அப்பறவையை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். கொச்சியில் ஒரே பறவைக்கு மலையாளம், தமிழ், கொங்கணி மூன்றிலும் பெயர் கிடைக்கக்கூடும். அம்மூன்றும் சேர்ந்ததே அதன் உள்ளூர் வரலாறு.

கூட்டின் இடத்தை மட்டும் வெளியிடாதீர்கள். கியர்ட்டன் உடன்பிறந்தார் காலத்தில் கூடே முதன்மையான படப்பொருளாக இருந்தது; இன்று கூட்டருகே நாம் நெடுநேரம் நிற்பது குஞ்சுக்குக் கேடு என்று அறிவோம். துல்லியமான இடம் குறிப்பேட்டில் இருக்கட்டும். பொதுவெளிக்கு ஊரின் பெயர் போதும்.

கேரள உயர்நீதிமன்றத்தின் பின்புறம் வெறும் 2.74 ஹெக்டேர் பரப்பில் மங்களவனம் இருக்கிறது. வக்காவும் நீர்க்காகமும் இரவடையும் அந்தச் சிறு காடு 2004இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் அதன் எல்லை தாளில் இருக்கிறது. கண்டக்கடவு வயலுக்கும் மட்டாஞ்சேரியைச் சுற்றியுள்ள குளங்களுக்கும் அப்படியொரு காப்பு எல்லை கிடையாது. அவற்றின் கடந்தகாலம் நம்மைப் போன்றோரின் குறிப்பேடுகளில்தான் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

உங்களிடம் கொச்சி, ஆலப்புழை, திருச்சூர் நீர்நிலைகளில் எடுத்த பழைய பறவைப் படங்கள் இருந்தால், குறிப்பாக 2008க்கு முன் எடுத்தவை இருந்தால், மூலக்கோப்பையோ ஃபிலிம் சுருளையோ தேடி எடுத்து, நாளையும் இடத்தையும் உடன்வந்தவர் பெயரையும் அதன் பின்புறம் எழுதி வையுங்கள். நினைவு மங்கியிருந்தால் அன்று உங்களோடு வந்தவரைக் கேளுங்கள். படம் எடுத்தவர் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் அவர்தான்.